பேனல் க்ளாக் லைன்களில் போகும் மின்சாரத்தை எங்கிருந்து குறைப்பது?

வரிநேரம்

வணக்கம் நண்பர்களே. பேட்டரியில் ஓடும் சாதனம் ஒன்றில் டிஸ்ப்ளே பகுதி என் பொறுப்பு. பேனல் பிரதிபலிப்பு வகை எல்சிடி, அதனால் பேக்லைட் கிடையாது. 1920 × 1080, அமார்ஃபஸ் சிலிக்கான். பிக்சல் வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் கேட் டிரைவர் தனிச் சிப்பாக இல்லை, கண்ணாடி மேலேயே போட்டிருக்கிறார்கள் (ஜிஓஏ). க்ளாக் லைன் இரண்டு, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கேட்டைத் திறக்கும் வோல்டேஜ் (விஜிஹெச்) +20 வோல்ட், மூடும் வோல்டேஜ் (விஜிஎல்) −10 வோல்ட். 60 ஹெர்ட்ஸ், திரையில் தெரியாத இடைவெளி வரிகளும் சேர்த்து ஃபிரேமுக்கு மொத்தம் 1125 வரி.

திரையில் முழுக் கறுப்பு போட்டாலும் முழு வெள்ளை போட்டாலும், கட்டம் கட்டமாகப் போட்டாலும் விஜிஹெச் மின்னோட்டம் அசையவே இல்லை. பிக்சல்களுக்குப் பட டேட்டாவைத் தரும் சோர்ஸ் டிரைவர் பக்கம் படத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. இங்கே மட்டும் ஏன் இப்படி? பேக்லைட் உள்ள பேனலில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு இதுவே பெரிய செலவாக வந்து நிற்கிறது.

கண்ணாடியை இனி மாற்ற முடியாது. வெளியே உள்ள லெவல் ஷிஃப்டர் (க்ளாக்கை அந்த வோல்டேஜுக்கு ஏற்றித் தரும் ஐசி), பவர் ஐசி, டைமிங் கன்ட்ரோலர் மூன்றும் என் கையில்தான். எங்கே தொடங்கலாம்?

---

கேட்_அடுக்கு

படத்தைப் பொறுத்து மாறாததுதான் இதன் இயல்பு. என்ன படமாக இருந்தாலும் ஒரு ஃபிரேமில் 1080 கேட் லைனும் ஒவ்வொரு முறை திறந்து மூட வேண்டும். க்ளாக்குக்குப் படம் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் செலவு எங்கே போகிறது என்று பிடிபடும். க்ளாக் லைனில் போகும் பவர் = கெப்பாசிட்டன்ஸ் × வோல்டேஜ் ஊசலின் வர்க்கம் × அதிர்வெண். உங்கள் ஊசல் 30 வோல்ட், வர்க்கம் 900. வரி அதிர்வெண் 67.5 கிலோஹெர்ட்ஸ். இரண்டு கட்ட (ஃபேஸ்) க்ளாக் என்பதால் ஒவ்வொரு லைனும் 33.75 கிலோஹெர்ட்ஸில் ஆடும்.

இனி கெப்பாசிட்டன்ஸ். கேட் டிரைவர் என்பது வரிக்கு ஒரு படி (ஸ்டேஜ்) என்று தொடர்ந்து போகும் சங்கிலி, அதாவது ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ஒவ்வொரு படியிலும் கேட் லைனை மேலே இழுக்கும் பெரிய டிரான்சிஸ்டர் ஒன்று உண்டு. அமார்ஃபஸ் சிலிக்கானில் எலக்ட்ரான் நகர்வு மந்தம் என்பதால் அதை ஆயிரக்கணக்கான மைக்ரோமீட்டர் அகலத்துக்குப் போடுவார்கள். அதன் டிரெய்ன் நேராக க்ளாக் லைனில் ஒட்டியிருக்கிறது. கேட்டும் டிரெய்னும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் முழுக்கக் கெப்பாசிட்டர்தான். படிக்கு 1 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லைனில் 540 படி, ஆக 540 பிகோஃபாரட். பெருக்கினால் லைனுக்கு 16.4 மில்லிவாட், இரண்டுக்கும் சேர்த்து 32.8.

இப்போது உண்மையான வேலைக்கு ஆகும் செலவைப் பாருங்கள். கேட் லைன் ஒன்றின் கெப்பாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட் என்று எடுத்தால், 1080 லைனையும் நொடிக்கு 60 முறை 30 வோல்ட் ஏற்றி இறக்க வெறும் 5.8 மில்லிவாட் போதும். மீதி எல்லாம் தன் முறை வராமல் சும்மா இருக்கும் படிகளின் டிரெய்னை ஏற்றி இறக்கவே போகிறது. எந்த நேரமும் அந்த லைனில் க்ளாக் தேவைப்படுவது ஒரே ஒரு படிக்கு. ஒருவர் தண்ணீர் குடிக்க 540 குடத்தையும் நிரப்பிக் கவிழ்ப்பது போன்ற ஏற்பாடு இது.

1 பிகோ, 100 பிகோ இரண்டும் நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் பேனலின் எண்ணை அளந்துதான் எடுக்க வேண்டும்.

---

எட்டுக்கட்டம்

இதனால்தான் கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். நான்கு க்ளாக் லைன் என்றால் ஒவ்வொன்றிலும் 270 படி, அதிர்வெண்ணும் பாதி. லைனுக்கு 4.1 மில்லிவாட், நான்குக்கும் 16.4. எட்டுக் கட்டம் என்றால் மொத்தமே 8.2. லைன் இரட்டிப்பாகிறதே, செலவும் ஏறுமே என்று புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள். சுமையும் அதிர்வெண்ணும் சேர்ந்து குறைவதால் மொத்தம் பாதிப்பாதியாக இறங்குகிறது.

ஆனால் இது டிரான்சிஸ்டர் சுமைக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. ஓரத்தில் இருக்கும் க்ளாக் லைனிலிருந்து படிக்கு இழுக்கும் ஒவ்வொரு கம்பியும் நடுவில் உள்ள மற்ற லைன்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும் இடமெல்லாம் ஒரு சின்னக் கெப்பாசிட்டர். கட்டம் கூடக் கூட இந்தக் குறுக்குச் சுமை ஏறும், பெசல் (திரையின் ஓரச் சட்டம்) அகலமும் ஏறும்.

---

வரிநேரம்

விளக்கத்துக்கு நன்றி. வேலைக்கு 6, வீணுக்கு 33 என்று பார்த்ததும் அதிர்ந்துபோனேன். ஆனால் கட்டத்தைக் கூட்டுவது கண்ணாடியில் செய்ய வேண்டிய வேலை ஆயிற்றே. வெளியே இருந்து என்ன செய்யலாம்?

---

குளிர்சோதனை

முதலில் வோல்டேஜில் கை வையுங்கள். சூத்திரத்தில் வர்க்கமாக வருவது அது ஒன்றுதான். ஊசலை 30-லிருந்து 27 ஆக்கினாலே 19 சதவீதம் போய்விடும். கூடுதல் பாகம் எதுவும் வேண்டாம்.

20 வோல்ட் ஏன் வைத்தார்கள் என்று யோசியுங்கள். சாதாரண அறை வெப்பத்துக்காக இல்லை. குளிரில் அமார்ஃபஸ் சிலிக்கானின் நகர்வு இன்னும் மந்தமாகும். அப்போதும் பிக்சல் 14.8 மைக்ரோ நொடிக்குள் சார்ஜ் ஆக வேண்டும், ஷிஃப்ட் ரெஜிஸ்டரும் நடுவில் நின்றுவிடக் கூடாது. அந்த மோசமான நாளுக்காக வைத்த வோல்டேஜை ஆண்டு முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்சிடிக்கான பவர் ஐசிகள் பலவற்றில் தெர்மிஸ்டர் போட ஒரு பின் இருக்கும். குளிரில் விஜிஹெச்சை ஏற்றி, அறை வெப்பத்தில் தானாக இறக்கிவிடும். உங்கள் ஐசியில் அந்தப் பின்னைச் சும்மா ரெசிஸ்டர் போட்டு முடக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பல போர்டுகளில் அப்படித்தான் இருக்கும்.

மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, டிரான்சிஸ்டர்களின் த்ரெஷோல்ட் வோல்டேஜ் (அவை திறக்கத் தொடங்கும் அளவு) ஓட ஓட மேலே நகரும். புதுப் பேனலில் 15 வோல்ட்டில்கூட ஓடுகிறதே என்று விளிம்பு வரை இறக்காதீர்கள். இரண்டு, விஜிஎல்லை −10-லிருந்து −7 ஆக்கினாலும் ஊசல் அதே அளவு குறையும், ஆனால் பிக்சல் டிரான்சிஸ்டர் சரியாக மூடாமல் கசியும். முதலில் மேல் பக்கத்தைக் குறையுங்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: கேட் மூடும்போது பிக்சல் வோல்டேஜ் கொஞ்சம் கீழே இழுபடும், அந்த இழுப்பு கேட் ஊசலுக்கு நேர் விகிதம். ஊசலை மாற்றினால் விகாமை (எல்லா பிக்சலுக்கும் பொதுவான எதிர்முனை வோல்டேஜ்) மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஃப்ளிக்கரும் நாள்பட்டால் படத்தழும்பும் வரும். தெர்மிஸ்டரோடு விஜிஹெச் நகர்கிறது என்றால் விகாம் எந்த வெப்பத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

---

கேட்_அடுக்கு

குளிர்சோதனை சொன்னதைச் செய்துவிட்டு அடுத்தது சார்ஜ் ஷேரிங். உங்கள் இரண்டு க்ளாக்கும் எதிரெதிர் கட்டம் என்பதால் இதற்கு வெகு பொருத்தம்.

ஒன்று +20-இல் இருக்கிறது, அது இறங்கப் போகிறது. மற்றது −10-இல் இருக்கிறது, அது ஏறப் போகிறது. வழக்கமாக முதல் லைனின் சார்ஜை விஜிஎல்லில் கொட்டிவிட்டு, இரண்டாவதற்கு விஜிஹெச்சிலிருந்து புதிதாக எடுக்கிறோம். அதற்குப் பதில் மாறும் நேரத்தில் இரண்டையும் சப்ளையிலிருந்து பிரித்து, ஒரு ஸ்விட்ச் வழியாக ஒன்றோடொன்று இணைத்தால் இரண்டும் +5 வோல்ட்டில் வந்து சந்திக்கும். பிறகு ஸ்விட்சைத் திறந்து மீதிப் பாதியை மட்டும் சப்ளையிலிருந்து ஏற்றினால் போதும். முழுமையாக நடந்தால் செலவு பாதி. ஜிஓஏவுக்கான லெவல் ஷிஃப்டர்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கும் ஐசிகள் உண்டு. வெளியே ரெசிஸ்டர் போட ஒரு பின் கொடுத்திருப்பார்கள்.

---

வரிநேரம்

எங்கள் ஐசியில் அந்தப் பின் இருக்கிறது, இணைக்காமல் விட்டிருக்கிறோம்! ஆனால் ஒரு சந்தேகம். +5-இல் இரண்டு லைனும் நிற்கும் அந்த நேரத்தில் மூடப்போகும் கேட்டும் திறக்கப்போகும் கேட்டும் பாதித் திறப்பில் இருக்குமே?

---

கேட்_அடுக்கு

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். இந்த வித்தை பேனலில் தடுமாறுவது அங்கேதான்.

கேட் +5-இல் இருக்கும்போது, பிக்சலில் 0 வோல்ட் டேட்டா இருந்தால் டிரான்சிஸ்டர் இன்னும் நடத்திக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் சோர்ஸ் டிரைவர் அடுத்த வரியின் டேட்டாவுக்கு மாறிவிட்டால் அது இந்த வரிக்குள்ளும் நுழையும். கறுப்பு வரிக்குக் கீழே வெள்ளை வரி வரும் படம் போட்டால் எல்லைக் கோடு மங்கலாகத் தெரியும், அதுவும் க்ளாக் நுழையும் இடத்திலிருந்து தூரத்தில் உள்ள மூலையில் அதிகமாக. அதனால் சோர்ஸ் வெளியீட்டைப் பின்தள்ள வேண்டும். கேட் விஜிஎல்லுக்கு முழுதாக இறங்கிய பிறகே டேட்டா மாற வேண்டும்.

எவ்வளவு பின்தள்ளுவது என்பது க்ளாக் லைனின் ரெசிஸ்டன்ஸைப் பொறுத்தது. 1 கிலோஓம், 540 பிகோஃபாரட் என்றால் பெருக்கல் 0.54 மைக்ரோ நொடி. பகிர்வுக்கு ஒன்று ஒன்றரை மைக்ரோ நொடி, மீதி இறக்கத்துக்கு அதே அளவு, கேட் லைனின் சொந்தத் தாமதம் தனி. 14.8-இல் மூன்று நான்கு மைக்ரோ நொடி போனால் பிக்சல் சார்ஜுக்கு மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் போதவில்லை என்று விஜிஹெச்சை மறுபடி ஏற்றினால் சேமித்தது அங்கேயே போய்விடும். இரண்டையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும், தனித்தனியாக இல்லை.

---

சுருள்

பாதி சார்ஜை மீட்கலாம் என்றால் இண்டக்டர் போட்டு முழுவதையும் மீட்கலாமே? பிளாஸ்மா டிவியில் அதைத்தானே செய்தார்கள். லாரி வெபர் 1980-களில் கொண்டுவந்த ஆற்றல் மீட்புச் சுற்று இல்லாமல் பிளாஸ்மா வீட்டுக்குள் வந்திருக்காது. பிராசசர் பக்கமும் ஏஎம்டி 2012-இல் பைல்டிரைவர் கோருக்கு ரெசனன்ட் க்ளாக் மெஷ் வைத்ததே.

---

கேட்_அடுக்கு

இரண்டும் நல்ல உதாரணங்கள், சுருள். அவை ஏன் வேலை செய்தன என்று பார்த்தால் இங்கே ஏன் கஷ்டம் என்று புரியும். பிளாஸ்மாவில் எலக்ட்ரோடின் ரெசிஸ்டன்ஸ் குறைவு, மின்னோட்டம் பெரிது. பிராசசரில் தடிமனான உலோக அடுக்கு, மாறாத கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்.

நம் க்ளாக் லைன் கண்ணாடி ஓரத்தில் நெடுக ஓடும் மெல்லிய உலோகப் பட்டை. ஏற்றத்தை 1 மைக்ரோ நொடியில் முடிக்க வேண்டும், ரெசிஸ்டன்ஸ் 1 கிலோஓம் என்று வைத்தால் அந்த ரெசனன்ஸின் க்யூ (ஆற்றல் எவ்வளவு வீணாகாமல் மிஞ்சுகிறது என்ற அளவு) ஒன்றைக்கூடத் தொடாது. ரெசிஸ்டன்ஸ் லைன் முழுக்கப் பரவியிருப்பதால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் இரண்டைத் தாண்டாது. அந்த க்யூவில் இண்டக்டர் மீட்டுக் கொடுப்பது சார்ஜ் ஷேரிங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மெதுவாக ஏற்றினால் இழப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் கேட்டுக்குக் கூர்மையான இறக்கம் வேண்டும், அங்கே மெதுவுக்கு இடமில்லை.

இண்டக்டருக்குப் பதில் நடுவில் இரண்டு மூன்று வோல்டேஜ் படிகள் வைத்து ஏற்றலாம். படிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இழப்பு வகுபடும். ஆனால் ஒவ்வொரு படியும் நேரம் கேட்கும்.

---

ஓய்வுஃபிரேம்

இவ்வளவு நேரமும் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தின் விலையைக் குறைப்பது பற்றியே பேசுகிறோம். ஏற்ற இறக்கங்களின் எண்ணிக்கையையே குறைக்கலாமே. வரிநேரம், உங்கள் சாதனத்தில் படம் பெரும்பாலும் அசையாமல்தானே இருக்கும்? 60 ஹெர்ட்ஸ் எதற்கு? 30-க்கு இறக்கினால் க்ளாக் செலவு அப்படியே பாதி.

ஆக்சைடு டிரான்சிஸ்டர்களின் கசிவு மிகக் குறைவு என்பதால் அவற்றைப் பயன்படுத்தும் எல்டிபிஓ பேனல்கள் 1 ஹெர்ட்ஸ் வரை இறங்குகின்றன. 2019-இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 5 எப்போதும் ஒளிரும் திரையை அப்படித்தான் சாதித்தது. அமார்ஃபஸ் சிலிக்கானில் அவ்வளவு போக முடியாது, பிக்சலில் உள்ள சார்ஜ் கசிந்துவிடும். ஆனால் 40, 30 வரை முயலலாம். நடுச் சாம்பல் நிறத்தைப் போட்டு ஃப்ளிக்கர் பாருங்கள், கண்ணுக்கு முதலில் தெரிவது அங்கேதான்.

---

வரிநேரம்

நல்ல யோசனை. 30 ஹெர்ட்ஸை இரண்டு விதமாகச் செய்யலாம் போலிருக்கிறதே. ஒவ்வொரு வரியையும் இரண்டு மடங்கு நீட்டலாம். அல்லது பழைய வேகத்திலேயே ஃபிரேமை முடித்துவிட்டு மீதி நேரம் க்ளாக்கை நிறுத்தலாம். எது மேல்?

---

ஓய்வுஃபிரேம்

க்ளாக் லைனை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஃபிரேமுக்கு இத்தனை ஏற்றம், இத்தனை இறக்கம் என்பது மாறவில்லை. நான் வேகமாக முடித்து நிறுத்துவதன் பக்கம். நின்ற நேரத்தில் சோர்ஸ் டிரைவரின் ஆம்ப்ளிஃபையர் பயஸ் (சும்மா இருக்கும்போதும் ஓடும் மின்னோட்டம்), லெவல் ஷிஃப்டர், பூஸ்ட் (வோல்டேஜை ஏற்றும் சுற்று) எல்லாவற்றையும் தூங்க வைக்கலாம்.

---

குளிர்சோதனை

எனக்கு நீட்டுவதுதான் சரி என்று படுகிறது. வரி நேரம் 29.6 மைக்ரோ நொடி ஆனால் பிக்சல் சார்ஜுக்கு நிறைய இடம் கிடைக்கும். விஜிஹெச்சை இன்னும் இறக்கலாம், வர்க்கமாகப் பலன். சார்ஜ் ஷேரிங்குக்கும் தாராளமாக நேரம். ஆம்ப்ளிஃபையர் பயஸைக்கூட மெதுவான வரிக்கு ஏற்பக் குறைக்கலாம்.

நிறுத்துவதில் இன்னொரு பிரச்சினை. பல ஜிஓஏ சுற்றுகளில் தன் முறை இல்லாத கேட் லைனைக் கீழே பிடித்து வைக்கும் டிரான்சிஸ்டரையும் அதே க்ளாக்தான் இயக்குகிறது. க்ளாக்கை −10-இல் நிறுத்தினால் பிடிப்பவர் யாரும் இல்லை, 1080 கேட் லைனும் மிதக்கும். கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு பக்கத்து லைன்களின் சத்தத்தில் மெல்ல ஏறும், பிக்சல் கசியும். அதைத் தடுக்க க்ளாக்கை +20-இல் நிறுத்தினால் ஒரே டிரான்சிஸ்டர் தொடர்ந்து அழுத்தம் தாங்கி அதன் த்ரெஷோல்ட் நகர்ந்துவிடும். பேனல் சுற்றுப்படத்தில் பிடிப்புக்குத் தனி சிக்னல் ஜோடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெதுவாக மாறி மாறி வரும் இரண்டு லைன் இருந்தால் ஓய்வுஃபிரேம் சொல்கிற வழி தைரியமாகப் போகலாம்.

---

ஓய்வுஃபிரேம்

அது நியாயமான எச்சரிக்கை. தனிப் பிடிப்பு சிக்னல் இல்லையென்றால் நானும் நீட்டச் சொல்வேன்.

---

பிக்சல்க்ளாக்

கேட் பக்கத்தை விட்டு இன்டர்ஃபேஸ் பக்கமும் ஒரு வார்த்தை. 1920 × 1080, 60 ஹெர்ட்ஸுக்கு வழக்கமான பிக்சல் க்ளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ். ரெட்யூஸ்டு பிளாங்கிங் டைமிங்கில் 138.5 போதும். பிராசசரையும் பேனலையும் இணைப்பது டிஎஸ்ஐ லிங்க் என்றால் க்ளாக் லேனை இடைவெளிகளில் ஓய்வுக்கு விடும் நான்-கன்டினியுவஸ் முறையைப் பேனல் ஏற்றுக்கொள்கிறதா பாருங்கள். அதுவே இடிபி லிங்க் என்றால் 2011-இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் உண்டு. படம் அசையாதபோது லிங்கே தூங்கும், டைமிங் கன்ட்ரோலர் தன் ஃபிரேம் பஃபரிலிருந்து ஓட்டும். ஆனால் கேட் க்ளாக் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். செல்ஃப் ரிஃப்ரெஷ் போட்டும் விஜிஹெச் குறையவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

---

எட்டுக்கட்டம்

அடுத்த பேனலை வடிவமைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன். கேட்_அடுக்கு சொன்ன அந்த 540 படிக் கணக்கை நேராகத் தாக்கும் வழி க்ளாக் லைனைத் துண்டாக்குவது. மேல் பாதிக்கு ஒரு ஜோடி, கீழ் பாதிக்கு ஒரு ஜோடி. ஸ்கேன் மேலே இருக்கும்போது கீழ் ஜோடி விஜிஎல்லில் அமைதியாக இருக்கும். அதற்குப் பிடிப்பு சிக்னல் தனியாக வேண்டும் என்பது மேலே பேசியாயிற்று. லைனுக்குப் படிகள் பாதி, ஓடும் நேரமும் பாதி, லைன்கள் இரட்டிப்பு. மொத்தத்தில் 32.8 என்பது 16.4 ஆகும். நான்கு துண்டு என்றால் 8.2.

பலன் கட்டத்தைக் கூட்டுவது போலவே தெரிந்தாலும், துண்டாக்கினால் திரையின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்க வழி கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஸ்டார்ட் பல்ஸ் கொடுத்தால், மாறாத பகுதிக்குச் சில ஃபிரேம்கள் க்ளாக்கே போக வேண்டாம். விலை: லெவல் ஷிஃப்டரில் கூடுதல் சேனல், பெசலில் கூடுதல் கம்பி. கண்ணாடி மேலேயே ஸ்விட்ச் வைத்துத் துண்டாக்கலாம் என்று அமார்ஃபஸ் சிலிக்கானில் ஆசைப்படாதீர்கள், அந்த ஸ்விட்சின் ரெசிஸ்டன்ஸ் க்ளாக்கையே மழுக்கிவிடும். எலக்ட்ரான் வேகமாக நகரும் எல்டிபிஎஸ் (பாலிசிலிக்கான்) பேனலில் அது நடக்கும். ஆக்சைடு என்றால், கேட்டும் டிரெய்னும் ஒன்றன்மேல் ஒன்று அதிகம் படியாத செல்ஃப்-அலைன்டு டாப் கேட் அமைப்பு படிக்கான அந்த 1 பிகோவையே வெகுவாகக் குறைக்கும்.

---

வரிநேரம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சுற்றுப்படம் பார்த்தேன், பிடிப்புக்குத் தனி சிக்னல் இல்லை, க்ளாக்கேதான். அதனால் வரியை நீட்டி 40 ஹெர்ட்ஸ், தெர்மிஸ்டர் பின், சார்ஜ் ஷேரிங் பின் என்று போகிறேன். ஒவ்வொன்றின் பலனையும் தனியாக எப்படி அளப்பது?

---

கேட்_அடுக்கு

பூஸ்டுக்குப் பின்னால், விஜிஹெச் கபாசிட்டருக்கு முன்னால் சின்ன ரெசிஸ்டர் ஒன்று வைத்துச் சராசரி எடுங்கள். 60, 50, 40 என மூன்று ஃபிரேம் விகிதத்தில் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோட்டின் சாய்வு க்ளாக் மற்றும் கேட் லைன் செலவு. ஃபிரேம் விகிதம் சுழியாகும் இடத்துக்குக் கோட்டை நீட்டினால் வெட்டும் அளவு கசிவும் ஐசியின் சொந்தச் செலவும். சார்ஜ் ஷேரிங் சாய்வை மட்டும் குறைக்க வேண்டும். சாய்வு எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால் பகிர்வு ஸ்விட்சும் விஜிஹெச்சோடு இணைக்கும் மேல் ஸ்விட்சும் மாறும் நேரத்தில் ஒன்றாக ஆன் ஆகின்றன என்று சந்தேகப்படுங்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும்.

அதே அளவீட்டைப் பேட்டரி பக்கத்திலும் எடுங்கள். பூஸ்டின் திறன் 100 சதவீதம் இல்லை, அதனால் விஜிஹெச்சில் ஒரு மில்லிவாட் மிச்சம் பிடித்தால் பேட்டரியில் அதற்கு மேல் மிச்சமாகும். சுமை ரொம்பக் குறைந்து பூஸ்ட் வேறு முறைக்கு மாறினால் மட்டும் இந்த விகிதம் மாறும்.

---

குளிர்சோதனை

ஆசிலாஸ்கோப்பைக் க்ளாக் நுழையும் இடத்தில் மட்டும் வைத்துத் திருப்தி அடையாதீர்கள். கடைசி வரிக்கு அப்பால் டம்மி படிகளின் பக்கம் சோதனைப் பேட் இருந்தால் அங்கே பாருங்கள், உங்கள் பேனலின் மோசமான அலைவடிவம் அங்கேதான். குறைந்த கெப்பாசிட்டன்ஸ் ப்ரோப் போடுங்கள். குளிர்ப்பெட்டியில் சாதனத்தை அணைத்து நன்றாக ஊறவிட்டு அங்கேயே ஆன் செய்து பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பேனல் தன் சூட்டிலேயே தேறிவிடும், தொடக்கம்தான் தோற்கும்.